மகன் சாப்பிட்ட இடங்கள்

பாரிஸில் தமிழ்க் கடைகள் நிறைந்த லா சப்பலில் ஒரு மரக்கறிக் கடையில் வேலை செய்யும் மகேந்திரராசாவுக்குத் தன் மகன் பலரும் அறிந்த ஆளாகிவிட்டான் என்பது, கத்தரிக்காய்ப் பெட்டியைப் பிரித்துக்கொண்டிருந்த ஒரு காலைப்பொழுதில்தான் தெரியவந்தது. கடையில் காசு வாங்கும் பெண் லக்ஷனா கைப்பேசியை உயர்த்திப் பிடித்துக்கொண்டு கூப்பிட்டாள்.

"மாமா, இஞ்சை ஓடி வாங்கோ. இது உங்கட பிருந்தாபன் தானே?"

அவர் கையைத் துடைத்துக்கொண்டு போய்ப் பார்த்தார். அவனேதான். ஏதோ ஒரு கஃபேயில், வட்ட மேசைக்கு முன்னால் உட்கார்ந்து, நீளமான பாண் துண்டு ஒன்றைக் கடித்தான். உருகிய சீஸ் நூல் போல இழுபட்டது. கடித்ததை விழுங்குவதற்கு முன்னமே பிரெஞ்சில் கடகடவென்று பேசத் தொடங்கினான். மகேந்திரராசாவின் பிரெஞ்சு குசினிக்கும் கடைக்கும் போதும். இந்த வேகத்துக்கு அது ஈடுகொடுக்கவில்லை.

"என்னவாம்?"

"பாரிஸ் ஹொட்டோக் எங்கை போய்ச் சாப்பிட்டால் நல்லது எண்டு சொல்லுறார். கிழமைக்கு ஒரு இடம். என்ர சிநேகிதப் பிள்ளையள் எல்லாரும் பாக்கினம். உங்களுக்குச் சொல்லேல்லையே?"

"சொன்னவன், சொன்னவன்," என்றார் மகேந்திரராசா. பொய். திரும்பவும் கத்தரிக்காயிடம் போனார்.

தகப்பனுக்கும் மகனுக்கும் சண்டை எதுவும் இல்லை. சண்டை இருந்திருந்தால் என்றைக்காவது ஒரு சமாதானமும் வந்திருக்கும். பிருந்தாபன் சின்னவனாக இருந்தபோது மகேந்திரராசா பகலில் ஒரு இடம், பின்னேரம் இன்னொரு இடம் என்று வேலை செய்தார். பிள்ளை எழும்பும்போது அவர் இல்லை, படுக்கும்போதும் இல்லை. மகன் சொல்வதை அவருக்கும், அவர் சொல்வதை மகனுக்கும் கொண்டுபோய்ச் சேர்த்தது மனைவி கோசலைதான். கோசலை நோயில் போய்ச் சேர்ந்த பிறகு, இருவருக்கும் நடுவில் இருந்த பாதையையே யாரோ மூடிவிட்டது போல ஆயிற்று. மகன் ஆனைஸ் என்ற பிரெஞ்சுப் பெண்ணோடு மொந்திரேய் பக்கம் குடிபோனான். பியர்ஃபித்திலிருந்த பழைய வீட்டில் இவர் தனியாக இருந்தார்.

ஞாயிற்றுக்கிழமைகளில் போன் வரும்.

"சாப்பிட்டியோ?"

"ஓம் அப்பா."

"வேலையெல்லாம்?"

"ஓம், போகுது. உங்களுக்கு?"

"எனக்கென்ன. போகுது."

அதற்கு மேல் இருவரும் மற்றவர் மூச்சைக் கேட்டுக்கொண்டிருப்பார்கள். பிறகு யாராவது ஒருவர், "சரி, அப்ப வைக்கிறன்," என்பார்.

அன்று பின்னேரம் ரயிலில் வீட்டுக்குப் போகும்போது மகேந்திரராசா தன் கைப்பேசியில் அந்த வீடியோவைத் தேடி எடுத்தார். லக்ஷனா அதை எப்படிப் பார்ப்பது என்று காட்டிக்கொடுத்திருந்தாள். அதற்கு முந்தியவையும் இருந்தன. மகன் சிரித்தான், தலையைச் சாய்த்தான், விரலை நக்கினான். இவ்வளவு நேரம் அவன் முகத்தை அவர் தொடர்ந்து பார்த்து எத்தனையோ காலம் ஆகியிருந்தது. அவன் காட்டிய ஹொட்டோக் தெருவோர வண்டியில் பஞ்சு போன்ற பணிசுக்குள் வைத்துத் தருகிற சாமான் இல்லை. பகெத் என்ற நீளப் பாணில் பாதியை நெடுக்காகப் பிளந்து, கடுகு பூசி, சோசிஸ் வைத்து, மேலே துருவிய சீஸை நிறையக் கொட்டி, அது பொன்னிறமாகும் வரை போறணை அடுப்பில் வைத்து எடுக்கிறார்கள். பாரிஸ் கஃபேக்களில் எந்தக் காலத்திலும் இருக்கிற சாப்பாடு. மகேந்திரராசா இந்த நகரத்துக்கு வந்து அரை ஆயுள் போய்விட்டது. ஒரு நாளும் அதைச் சாப்பிட்டதில்லை.

திங்கட்கிழமை அவருக்கு விடுமுறை. கோசலை இருந்த காலத்தில் திங்களன்று இருவரும் சந்தைக்குப் போவார்கள். இப்போது அந்த நாளை என்ன செய்வதென்று அவருக்குத் தெரிவதில்லை. அந்தத் திங்கள் அவர் சேர்ட்டை அயர்ன் பண்ணிப் போட்டுக்கொண்டு, கார் து லெஸ்ட் ஸ்டேஷனுக்குப் பக்கத்தில் மகன் முதலில் காட்டிய கஃபேக்குப் போனார்.

வந்த புதிதில் இதுபோன்ற கஃபேக்களின் நிலவறைகளில் அவர் கோப்பை கழுவியிருக்கிறார். பின்வாசலால் போய்ப் பின்வாசலால் வருவார். முன்வாசலால் நுழைந்து, கதிரையை இழுத்துப்போட்டு உட்கார்ந்தது இதுதான் முதல் தடவை. கண்ணாடிக்குப் பக்கத்திலிருந்த மேசையைத் தேடிப் போய் உட்கார்ந்தார். வீடியோவில் பிருந்தாபன் அங்கேதான் இருந்தான். பரிமாறுகிறவர் வந்ததும், சோசிஸில் மாட்டிறைச்சி இல்லையே என்று கேட்டு உறுதிப்படுத்திக்கொண்டார். மாடு அவர் தொடுவதில்லை.

"பன்றி மட்டும்தான், மெசியு."

ஹொட்டோக் வந்தது. மகன் கையால் தூக்கிக் கடித்தான். இவர் கத்தியாலும் முள்ளுக்கரண்டியாலும் மெல்ல வெட்டினார். பாண் நொறுங்கி மேசையெல்லாம் சிதறியது. கடுகு மூக்கில் ஏறிக் கண்ணில் நீர் வந்தது. நல்லாகத்தான் இருந்தது. அதை யாரிடமாவது சொல்ல வேண்டும் போலிருந்தது. நிமிர்ந்து பார்த்தபோது ஒரு பெண் வந்து, எதிரே இருந்த வெறுங்கதிரையில் கை வைத்து, யாராவது வருகிறார்களா என்று கேட்டாள்.

"இல்லை, யாரும் இல்லை," என்றார்.

அவள் கதிரையைத் தூக்கிக்கொண்டு போனாள். ஒற்றைக் கதிரையோடு நின்ற அந்த மேசையில் மிச்சத்தையும் சாப்பிட்டு முடித்தார்.

அடுத்த ஞாயிறு போனில் சொல்லிவிட வேண்டும் என்றிருந்தார். நீ போன இடத்துக்கு நானும் போனனான், கடுகு கொஞ்சம் கூட, என்று சொன்னால் போதும். அதிலிருந்து கதை வளரும். ஆனால் மகனுடைய குரல் கேட்டதும், அவனுக்குத் தெரியாமல் அவன் பின்னால் திரிகிற ஆள் போலத் தான் ஆகிவிட்டோமோ என்று வெட்கம் வந்தது. "சாப்பிட்டியோ?" என்று கேட்டார். சாப்பிட்டதாகச் சொன்னான்.

ஆனாலும் கஃபேக்களுக்குப் போவதை அவர் நிறுத்தவில்லை. திங்கட்கிழமைகள் வந்தன. பிளாஸ் து கிளிஷியில் ஒரு இடம், பஸ்தியில் ஒரு இடம், கொப்லன் பக்கம் ஒரு இடம். மகன் இருந்த மேசையில் ஆள் இருந்தால், எழும்பும் வரை வெளியே நின்றார். கொஞ்ச நாளில் அவருக்கும் ஒரு நாக்கு வந்துவிட்டது. எந்த இடத்தில் பாண் திறம், எந்த இடத்தில் சீஸ் கஞ்சத்தனம் என்றெல்லாம் ரயிலில் தனக்குள் வாதாடிக்கொண்டு போனார். எதிரே இருப்பவர்கள் சிலவேளை அவருடைய உதடு அசைவதைப் பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள்.

ஒருநாள் லக்ஷனா கடை வாசலிலிருந்தே சத்தம் போட்டாள். "மாமா! வாற வியாழக்கிழமை இஞ்சை லா சப்பலில எடுக்கப்போறாராம். உந்த முன்னுக்குக் கிடக்கிற கஃபேயில!"

கடை முதலாளி குலசிங்கம் எட்டிப் பார்த்தார். "அப்ப உங்கட மகன் கடைக்கும் வருவார் எண்டு சொல்லுங்கோ, அண்ணை. எங்கட மாம்பழத்தையும் ஒருக்கா வீடியோவில காட்டச் சொல்லுங்கோ."

"வருவான். வராமல் என்ன," என்றார் மகேந்திரராசா.

ஞாயிறு போனில் மகன் சொல்வான் என்று காத்திருந்தார். அவன் சொல்லவில்லை. நேரில் வந்து ஆச்சரியப்படுத்தப் போகிறான்போல என்று நினைத்துக்கொண்டார். வியாழன் காலை மண்ணிறச் சேர்ட்டை விட்டு நீலச் சேர்ட்டைப் போட்டார். முன்வரிசை மாம்பழங்களைத் தானே தேடி அடுக்கினார். வாசலுக்குப் பக்கத்தில் செய்கிற வேலையாகப் பார்த்துச் செய்தார்.

மத்தியானம் போல பிருந்தாபன் வந்தான். தெருவுக்கு மேலால் ஓடும் மெத்ரோவின் படிகளிலிருந்து இறங்கினான், கூடவே ஆனைஸ், தோளில் கமராப் பை. கடைப்பக்கம் திரும்பாமல், தலையைக் குனிந்தபடி தெருவின் மற்றக் கரையால் நடந்து கஃபேக்குப் போனான்.

மகேந்திரராசா வெண்டிக்காயைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். முதலில் வேலை, பிறகு வருவான். லக்ஷனா கண்ணாடியால் பார்த்தாள். பிறகு பார்க்காதது போல இருந்தாள். அங்கே கமராவைப் பூட்டினார்கள், சாப்பாடு வந்தது, அவன் பேசினான், சிரித்தான். ஆனைஸ் கமராவைக் கழற்றத் தொடங்கினாள். அவன் இருந்தபடியே பையை எடுத்துத் தோளில் போட்டு, மெத்ரோப் பக்கம் பார்த்தான்.

மகேந்திரராசா ஏப்ரனைக் கழற்றாமலே தெருவைக் கடந்தார்.

"அப்பா!" பிருந்தாபன் எழுந்த வேகத்தில் கதிரை பின்னால் சாய்ந்தது. "நான்... முடிச்சிட்டு கடைக்கு வரத்தான் இருந்தனான்."

"ஓம் ஓம். அதுக்கென்ன."

அது உண்மையில்லை என்பது இருவருக்கும் தெரிந்திருந்தது. ஆனைஸ் அவரைக் கோசலையின் செத்தவீட்டில் பார்த்ததோடு சரி. அவசரமாக ஒரு கதிரையை இழுத்துப் போட்டாள். அவர் உட்கார்ந்தார். தட்டைப் பார்த்தார். ஹொட்டோக் கால்வாசிதான் கடிபட்டிருந்தது.

"பாண் எப்பிடி?"

"ம்?"

"பாண். மொறுமொறுப்பா இருக்கோ? பஸ்தியிலை குடுக்கிறது போல வராது. அங்கைதான் பாண் திறம்."

மகன் அவரை உற்றுப் பார்த்தான். "பஸ்தியிலையோ? நீங்கள் எப்ப அங்கை..."

"போனனான். கிளிஷியிலையும் சாப்பிட்டனான். கொப்லனிலை சீஸைக் கருக்கிப்போட்டாங்கள். நீ அதைப் போய் நல்லம் எண்டு சொல்லிப்போட்டாய்."

"எல்லா இடத்துக்கும் போனீங்களோ?"

"ஓம்."

"ஆரோட?"

"ஆரோட போறது? தனியத்தான்."

பிருந்தாபன் கதிரையில் மெல்ல உட்கார்ந்தான். பிறகு, அவன் சொல்ல நினைத்தது வேறெதுவோ, "அது கருகல் இல்லை அப்பா," என்றான். "அப்பிடித்தான் அங்கை செய்யிறவை. மேல கொஞ்சம் கறுக்கோணும்."

"கறுப்பு வேற, கரி வேற. எனக்குத் தெரியாதே?"

"நீங்கள் போன அண்டைக்குக் கருகியிருக்கும்."

"நீ போன அண்டைக்கும் கரிதான். வீடியோவில வடிவாத் தெரிஞ்சுது."

மகன் சிரித்துவிட்டான். தமிழில் சொல் கிடைக்காத இடத்தில் பிரெஞ்சில் சொன்னான். அவருக்குப் பிரெஞ்சு தட்டுப்பட்ட இடத்தில் கையால் காட்டினார். கடுகைப் பற்றி வாதாடினார்கள். சோசிஸ் ஒன்று போதுமா இரண்டு வேண்டுமா என்று வாதாடினார்கள். ஆனைஸ் சத்தமில்லாமல் கமராவைத் திரும்ப எடுத்துப் பிடித்திருந்ததை அவர்கள் கவனிக்கவில்லை. அவன் மிச்சத்தைக் கத்தியால் வெட்டி, கடிபடாத பக்கத்தை அவரிடம் தள்ளினான்.

"மாடு இல்லை. கேட்டனான். எங்கை போனாலும் கேப்பன். அம்மா பழக்கினது."

அவர் தலையாட்டிவிட்டு, இந்த முறை கையால் எடுத்துக் கடித்தார்.

"மகேந்திரண்ணை!" குலசிங்கம் கடை வாசலில் நின்று கை காட்டினார். சாமான் லொறி வந்து தெருவை மறித்துக்கொண்டு நின்றது. மகேந்திரராசா எழுந்தார்.

"போட்டு வாறன்."

"ஓம் அப்பா. போன் எடுக்கிறன்."

பெட்டிகளை இறக்கி முடித்துத் திரும்பிப் பார்த்தபோது அந்த மேசையில் வேறு ஆட்கள் இருந்தார்கள்.

வீடியோ வந்த அன்று லக்ஷனாவும் அவரும் சேர்ந்து பார்த்தார்கள். லா சப்பல் தெரு வந்தது, மேலால் மெத்ரோ போனது, பாண், சீஸ், மகன் முகம். அவ்வளவுதான். மகேந்திரராசா அதில் எங்கும் இல்லை.

"உங்களைக் காட்டவே இல்லையே!" லக்ஷனாவுக்குக் கோபம் வந்தது.

"ஏப்ரனோட நிண்டனான். அதுதான் வெட்டிப்போட்டான்," என்று சிரித்துச் சமாளித்தார். அன்று முழுக்க வாசல் பக்கம் வராமல் உள்ளே பெட்டி பிரித்தார். ஞாயிறு மகன் கூப்பிட்டான். பாரிஸ் முடிந்தது, இனி மற்ற ஊர்களுக்குப் போய் எடுக்கப் போகிறேன், முதலில் ஸ்திராஸ்பூர், இரண்டு மூன்று மாதம் ஆகும் என்றான். பேச்சு முந்தியைவிடக் கொஞ்சம் நீண்டது. வீடியோவில் அவரை வெட்டியதைப் பற்றி அவன் ஒன்றும் சொல்லவில்லை. அவரும் கேட்கவில்லை. திங்கட்கிழமைகளில் அவருக்குப் போக இடமில்லாமல் போயிற்று. வீட்டில் இருந்து யன்னலைத் துடைத்தார்.

குளிர் தொடங்கிய பிறகு ஒருநாள் ஆனைஸ் கடைக்கு வந்தாள். தனியாக. தூள் அடுக்கியிருந்த தட்டுகளுக்கு முன்னால் ஒன்றும் புரியாமல் நின்றாள். மகேந்திரராசா பக்கத்தில் போனதும் முகம் மலர்ந்தது. பிரெஞ்சில் மெதுவாகப் பேசினாள், அவருக்கு விளங்க வேண்டுமென்று.

"பிருந்தாபனுக்குத் தபாலில் அனுப்ப மிளகாய்த்தூள் வேண்டும். அங்கே சாப்பாட்டில் உறைப்பே இல்லையாம். எதை வாங்குவது என்று கேட்டேன். அப்பாவிடம் கேள், அவருக்குத் தெரியும் என்றான்."

அவர் முன்னால் இருந்த பைகளை விலக்கிவிட்டுப் பின்னால் கையை விட்டு, புதிதாக வந்த ஒன்றை எடுத்துக் கொடுத்தார். அவள் வாங்கிக்கொண்டு நின்றாள். ஏதோ சொல்ல வந்தவள் போல.

"அன்றைக்கு எடுத்தது எங்களிடம் இருக்கிறது," என்றாள். "நீங்கள் இரண்டு பேரும் கடுகுக்குச் சண்டை பிடித்தது. நான் அதைப் போடச் சொன்னேன். அவன் மாட்டேன் என்றான். அது ஊர் உலகத்துக்குக் காட்டுவதற்கு இல்லையாம். போவதற்கு முன் அதைத் திரும்பத் திரும்பப் பார்த்தான். உங்களைப் பார்த்த அன்று மெத்ரோவில் அழுதுவிட்டான். உங்களோடு எப்படிப் பேசுவது என்று தெரியவில்லை என்கிறான்."

மகேந்திரராசா அடுக்கில் சரிந்திருந்த பை ஒன்றை நிமிர்த்தினார். "எனக்கும் தெரியாது," என்றார் பிரெஞ்சில்.

"வீட்டில் இப்போது நான் தனிதான்," என்றாள் அவள். "சத்தமே இல்லை. அவன் இல்லாமல் என்ன செய்வதென்று தெரியவில்லை."

அது அவருக்கு உடனே விளங்கியது. குலசிங்கத்திடம் கண்ணைக் காட்டிவிட்டு அவளுடைய பையை வாங்கிக்கொண்டு மெத்ரோப் படி வரை கூட நடந்தார். படியடியில் அவள் பிரெஞ்சு முறைப்படி விடைபெற, கன்னத்தோடு கன்னம் வைக்கக் குனிந்தாள். எந்தப் பக்கம் முதலில் என்று தெரியாமல் அவர் தடுமாறியதில் இருவருடைய மூக்கும் இடித்தது. அவள் சிரித்தாள். பையை வாங்கிக்கொண்டு படியேறினாள். நடுவில் ஒருமுறை திரும்பிக் கையசைத்தாள்.

தலைக்கு மேலே ரயில் வந்து நின்று, புறப்பட்டுப் போயிற்று. மகேந்திரராசா அது போன திசையைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு குளிர் கையில் ஏற, இரண்டு கைகளையும் ஏப்ரனுக்குள் நுழைத்துக்கொண்டு, ஆட்கள் காத்துநின்ற கடைப்பக்கம் நடந்தார்.