விக்கலோடு பாடிய வாளிகள்

வெங்காயம் விலை இறங்கிய வாரத்தில் வாளிகள் பாடத் தொடங்கின. குழாயடியில் வைத்துத் தண்ணீரைத் திறந்தால் முதலில் அடியிலிருந்து ஒரு முனகல் வரும். பாதி நிறையும்போது பல்லவி தெளிவாகக் கேட்கும். தண்ணீர் விளிம்பைத் தொடுவதற்குள் சரணமும் முடிந்துவிடும். எல்லா வாளிக்கும் ஒரே பாட்டுதான். டீக்கடை, பேருந்து, முடிவெட்டும் கடை என்று அந்த வருடம் ஓயாமல் ஓடிய சினிமாப் பாட்டு: "குடைய மடக்கு, நனஞ்சா என்ன." முதல் நாள் ஓரிரண்டு பேர் வாளியைப் போட்டுவிட்டு ஓடினார்கள். அந்த வாரம் முடிவதற்குள், "என் வாளி உன்னுதைவிட நல்லாப் பாடுது" என்று குழாயடியில் சண்டை வந்துவிட்டது. அதற்கப்புறம் பாடாத வாளியை யாரும் கையால் தொடவில்லை.

அவற்றைச் செய்தவளை எல்லாரும் வாளிக்காரம்மா என்றுதான் கூப்பிடுவார்கள். பேருந்துப் பணிமனைக்குப் பின்னால் இரண்டு அறை கொண்ட பட்டறை அவளுடையது. முன்னறைக் கல்லாவில் அவளுடைய நாத்தனார் உட்கார்ந்திருப்பாள். பின்னறை ஜன்னலோரம் கணவர் ஈயம் காய்ச்சிப் பற்றவைப்பார். தகரத்தை வெட்டிச் சுருட்டி, இரண்டு ஓரங்களையும் மடித்து, ஒன்றுக்குள் ஒன்றைக் கோத்து, மரச் சுத்தியலால் அடித்து இறுக்குவது வாளிக்காரம்மாவின் பங்கு. அடிக்குத் தாளம் வேண்டுமே, அதற்காகப் பாடுவாள். அது தகரத்துக்குள் எப்படி இறங்கியது என்று கேட்டவர்களிடம், "எனக்கென்ன தெரியும்? பாட்டு காதுல இருந்துச்சு, கை அடிச்சுச்சு" என்றாள். ஆனால் "மடக்கு" என்ற சொல் வரும்போது பாதி மடிப்பு முடிந்திருக்கும். வாளியை முட்டியால் தூக்கிப் புரட்டிப் போடாவிட்டால் மீதி மடிப்பு இறுகாது. புரட்டும்போது அவளை அறியாமல் ஒரு "ஹுக்" வரும். அதுவும் தகரத்துக்குள் போயிற்று. "குடைய மடக்கு, ஹுக், நனஞ்சா என்ன" என்றுதான் எல்லா வாளியும் பாடின.

நாத்தனாருக்குக் குயில் குரல். அவளால் பொறுக்க முடியவில்லை. "அண்ணி, ஊர் பூரா உங்க விக்கல் போகுது. ஒரு வாய் தண்ணி குடிச்சிட்டுப் பாடக் கூடாதா?"

"நீ வந்து பாடேன்டி. சுத்தியலைப் பிடி, நான் போய்க் கல்லாவுல காத்து வாங்கறேன்."

நாத்தனார் வரவில்லை. வந்தவர்கள் வெளியூர்ப் பட்டறைக்காரர்கள். நின்று பார்த்துக் கற்றுக்கொண்டு போய், அதே மாதிரிச் சுத்தியலால், அதே பாட்டோடு, அதே இடத்தில் விக்கி வாளி செய்தார்கள். விக்கலும் தொழிலில் சேர்ந்தது என்று நினைத்துவிட்டார்கள், பாவம். நான்கைந்து வருடத்தில் நாட்டில் விக்காத வாளியே இல்லை. குழந்தைகள் அம்மா என்று சொல்லும் முன்பே ஹுக் என்றன.

பிறகு பக்கத்து நாட்டிலிருந்து இயந்திர வாளிகள் லாரி லாரியாக வந்து இறங்கின. முகம் பார்க்கும் அளவுக்குப் பளபளப்பு. தண்ணீர் விட்டால் வயலின் எல்லாம் சேர்த்து இசைத்தட்டில் உள்ளபடியே பாடின. எது நம் சரக்கு, எது அயல் சரக்கு என்று முத்திரை குத்த அரசாங்கம் ஓர் அதிகாரியை அனுப்பியது. அவர் கெட்டவர் அல்ல. காலையில் குளித்து, தலை வாரி, நியாயமாக யோசிக்கிறவர். பொருளை வைத்து முடிவு செய்யலாம் என்று பார்த்தார். தகரம் ஒரு நாட்டுடையது, கைப்பிடிக் கம்பி இன்னொரு நாட்டுடையது, ஈயம் எங்கிருந்து வந்தது என்று ஈயத்துக்கே தெரியாது. பாட்டை வைத்துப் பார்த்தால் மெட்டு கடல் தாண்டிச் சுட்டது, சினிமாவில் அதைப் பாடியவள் ஆற்றுக்கு அக்கரை நாட்டில் பிறந்தவள். கடைசியில் ஒரு முடிவுக்கு வந்தார்: நம் பாட்டை யார் பிசகில்லாமல் பாடுகிறார்களோ அவர்கள்தான் நம்மவர். "நம்ம பாட்டை நாமே தப்பாப் பாடுவோமாம்மா?" என்று வாளிக்காரம்மாவிடம் கேட்டார். முத்திரை இயந்திர வாளிக்குப் போயிற்று. விக்காத வாளி ஒன்றாவது அடுத்த வாரம் நகரசபை மண்டபத்துக்குக் கொண்டு வந்து காட்டாவிட்டால், போலிச் சரக்கு என்று பட்டறையைப் பூட்டிவிடுவார்களாம்.

அந்த வாரம் முழுக்க நாத்தனார் கல்லாவை விட்டுப் பின்னறையிலேயே நின்றாள். "மூச்சை அடக்குங்க அண்ணி… வருது வருது… அடக்குங்க!" வாளிக்காரம்மா முகம் சிவக்க அடக்கினாள். விக்கல் போயிற்று. விக்கலோடு அந்தப் புரட்டலும் போயிற்று. புது வாளியில் தண்ணீர் விட்டார்கள். இயந்திர வாளி தோற்றுப்போகும்படி பாடியது. நாத்தனார் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். கணவர் மட்டும் தரையைப் பார்த்தார்.

"பாட்டு தேனா ஒழுகுது. தண்ணியும் ஒழுகுது."

விக்கலை விட்டுவிட்டுப் புரட்டிப் பார்த்தார்கள், மூச்சை அடக்கினால் முட்டியில் பலம் இல்லை; புரட்டலை விட்டுவிட்டு விக்கிப் பார்த்தார்கள். எல்லாம் ஒழுகின. வாளிக்காரம்மா சுத்தியலைக் கீழே வைத்தாள். "ஒழுகற வாளியைக் காட்டிப் பட்டறையைக் காப்பாத்தணுமா? வாங்கினவங்க என்னை என்ன சொல்லுவாங்க? பூட்டறதுன்னா பூட்டிட்டுப் போகட்டும்." சொல்லிவிட்டாளே தவிர, அன்று சாப்பிட உட்கார்ந்தவள் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தாள். மாமியார் காலத்துப் பட்டறை அது.

மண்டபத்துக்கு அவள் எப்போதும் போல விக்கும் வாளியையே எடுத்துப் போனாள். உட்கார இடமில்லாத கூட்டம். அதிகாரி மேடையில் இயந்திர வாளியை வைத்துத் தண்ணீரைத் திறந்தார். "இதுதான் சரியான பாட்டு. எல்லாரும் எழுந்து, இதோடு சேர்ந்து பாடுங்க. வித்தியாசம் உங்களுக்கே புரியும்." எல்லாரும் எழுந்து பாடினார்கள். "குடைய மடக்கு" வரைக்கும் சரியாகத்தான் போயிற்று. அதற்கடுத்து மண்டபமே ஒரே நேரத்தில் ஹுக் என்றது. ஜன்னல் கண்ணாடிகள் அதிர்ந்தன, கூரைப் புறாக்கள் பறந்தன. இயந்திர வாளி மட்டும் தனியாக முன்னால் ஓடி, நனஞ்சா என்ன, நனஞ்சா என்ன என்று, திருவிழாக் கூட்டத்தில் அம்மாவைத் தொலைத்த பிள்ளை போல முழித்தது. குயில் குரல் நாத்தனார் வாயைப் பொத்திக்கொண்டு, "ஐயோ அண்ணி, எனக்குமா!" என்றாள்.

அதிகாரியின் பக்கத்தில் நின்ற குமாஸ்தா மெதுவாகச் சொன்னார்: "சார், நீங்களும் விக்கினீங்க."

"நானா? சும்மா இருய்யா."

"இன்னொரு தரம் பாடுங்களேன்."

அதிகாரி தொண்டையைச் செருமிக்கொண்டு, நன்றாக நிமிர்ந்து நின்று பாடினார். விக்கினார். கண்ணை மூடிக்கொண்டு பாடினார். விக்கினார். கல்யாணமான நாளிலிருந்து தினமும் அவர் குளிப்பது வாளிக்காரம்மாவின் வாளியில்தான். "வேற எப்படித்தான் பாடறது இதை?" என்று உண்மையாகவே கேட்டார். அவர் நாற்காலியில் உட்கார்ந்து கொஞ்ச நேரம் சிரித்தார், பிறகு முத்திரையை எடுத்து விக்கும் வாளியின் அடியில் ஓங்கிக் குத்தினார். வாளிக்காரம்மா வீட்டுக்குப் போய் இரண்டு ஆள் சோறு சாப்பிட்டாள்.

இயந்திரத் தொழிற்சாலைக்காரர்கள் அடுத்த வருடம் விக்கலையும் சேர்த்துத்தான் பார்த்தார்கள். எல்லா இடத்திலும் விக்க வைத்தார்கள். வாங்கியவர்கள் அதில் செடி வளர்த்தார்கள்.

இப்போது வெளிநாட்டில் பாஸ்போர்ட்டைத் தொலைத்தவர்கள் தூதரகத்துக்குப் போனால், ஓர் அறையில் நிற்க வைத்துப் பாடச் சொல்கிறார்கள். விக்கல் சரியான இடத்தில் விழுந்தால் ஊருக்கு அனுப்பிவிடுகிறார்கள். நாத்தனார் ஓடி வந்து இதைச் சொன்னபோது வாளிக்காரம்மா சுத்தியலை நிறுத்தவில்லை.

"விக்கல் வரலைன்னா?"

"வர்ற வரைக்கும் பாடச் சொல்வாங்களாம் அண்ணி."

"அடப்பாவமே, வெறும் வயித்துல எப்படிப் பாடுவாங்க? மொதல்ல சாப்பாடு போடச் சொல்லு."

இது எப்படியோ மேலிடத்துக்குப் போயிருக்க வேண்டும். இப்போதெல்லாம் அந்த அறைகளில் சாப்பாட்டு மேசையும் போட்டிருக்கிறார்கள்.