காலி என்று நினைத்த வானம்

பியூலாவின் பிரிவுபசாரத்துக்குச் சொல்லியிருந்த மெதுவடை வந்து சேர்ந்தபோது சுப்பராயலு செருப்பை வெளியே கழற்றிவிட்டுக் கம்ப்யூட்டர் அறைக்குள் உட்கார்ந்திருந்தார். கல்லூரியிலேயே ஏ.சி. உள்ள ஒரே அறை அது. தாம்பரம் வெயிலில் வாத்தியார்கள் எக்கேடு கெட்டாலும் பரவாயில்லை, கம்ப்யூட்டருக்கு வியர்க்கக் கூடாது என்பது நிர்வாகத்தின் கொள்கை. அந்தக் குளிரிலும் அவருக்குச் சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. மடியில், இரண்டு ஓரமும் துளை போட்ட நீளக் காகிதத்தில், பிரிண்டர் கறகறவென்று அடித்துத் தள்ளிய ஒரு மேகத்தின் வரைபடம். அதில் இரண்டு மேடுகள் இருந்தன. ஒன்றுதான் உண்டு என்று அவர் கட்டுரை எழுதி, அது அச்சாகியும் இருந்தது.

"இன்னா சார், அல்லாரும் வந்துட்டாங்கோ, நீங்க இன்னும் இங்கியே குந்திகினு கீறீங்க?" அட்டெண்டர் சிட்டிபாபு கதவைத் திறந்துகொண்டு நின்றார். "பியூலாம்மா ஒங்களத்தான் கேட்டுகினு கீறாங்கோ."

"வரேன், நீங்க போங்க."

சுப்பராயலுவும் பியூலாவும் இயற்பியல் துறையில் விரிவுரையாளர்கள். சூரியனைவிடப் பத்து மடங்கு, இருபது மடங்கு கனமான பெரிய நட்சத்திரங்கள் எப்படிப் பிறக்கின்றன என்பதுதான் இருவரும் சேர்ந்து எடுத்துக்கொண்ட ஆராய்ச்சி. அவை தூசு மேகத்துக்குள் ஒளிந்துகொண்டு பிறக்கின்றன. வெளிச்சம் வெளியே வராது, சூடு வரும். அந்த அகச்சிவப்புக் கதிரைப் பிடித்தால் உள்ளே யார் இருக்கிறார்கள் என்று சொல்லிவிடலாம். பூமியின் காற்று அதைப் பாதி வழியிலேயே விழுங்கிவிடுவதால், ஐதராபாத்தில் தொலைநோக்கியைப் பெரிய பலூனில் கட்டி மேலே அனுப்பினார்கள். அதில் பதிவான டேப்பை, யாராவது மேலே உட்கார்ந்துவிடப் போகிறார்கள் என்று பயந்து, ரயிலில் மடியிலேயே வைத்துக்கொண்டு வந்தவர் சுப்பராயலு. அதை நம்பி பியூலா பிஎச்.டி. தொடங்கினாள்.

சூட்டைப் பிடிப்பதில் ஒரு தொல்லை உண்டு. தொலைநோக்கியும் சூடு, அந்த உயரத்தில் மிச்சமிருக்கும் கொஞ்சம் காற்றும் சூடு. ஆகவே உள்ளே ஒரு கண்ணாடி ஓயாமல் ஆடிக்கொண்டிருக்கும். ஒரு கணம் மேகத்தைப் பார்க்கும், மறு கணம் பக்கத்தில் ஒரு துண்டு காலி வானத்தை. முதலாவதிலிருந்து இரண்டாவதைக் கழித்தால் மிஞ்சுவது மேகத்தின் சூடு. எண்ணெய்க் கடையில் காலி டின்னை நிறுத்துக் கழிப்பதுபோலத்தான். டின்னில் ஏற்கெனவே எண்ணெய் கிடந்தால் என்ன ஆகும் என்று கடைக்காரருக்குத் தெரியும். சுப்பராயலு அதை யோசிக்கவில்லை.

பியூலா யோசித்தாள். "சார், இங்க ஒரு பள்ளம் வருது பாருங்க. சைபருக்கும் கீழ போகுது. பக்கத்துல இன்னொரு ஸ்டார் உருவாகிட்டு இருந்து, அதையே காலின்னு நெனச்சு நாம கழிச்சிட்டோமோ?" என்று படத்தில் விரலை வைத்துக் கேட்டாள். "அது நாய்ஸ் மேடம், கருவியோட இரைச்சல். மைனஸ் வர்ற எடத்துல எல்லாம் சைபர் போட்டுடுங்க. தோணறதெல்லாம் பிசிக்ஸ் ஆயிடாது" என்றார் அவர். அந்தக் கடைசி வாக்கியம் தேவையே இல்லை. அவள் தன் கையாலேயே சைபர் போட்டாள். பெரிய நட்சத்திரம் தன்னந்தனியாகப் பிறக்கிறது என்று கட்டுரை வெளிவந்தது. அந்தப் பள்ளத்தை வைத்துத்தான் அவள் பிஎச்.டி.யே நின்றுகொண்டிருந்தது. அதன் பிறகு அவள் ஆராய்ச்சியை விட்டுவிட்டு, வகுப்பு முடிந்ததும் நேராக ரயிலடிக்குப் போக ஆரம்பித்தாள்.

கோடை விடுமுறையில், பெங்களூர் கருத்தரங்கில் காட்டப் பளிச்சென்று ஒரு படம் வேண்டும் என்று சுப்பராயலு டேப்பை மறுபடி ஓட்டினார். பலூன் அதே மேகத்தை இரண்டு சுற்று பார்த்திருந்தது. இரண்டாம் சுற்றை அவர் தொட்டதே இல்லை. அதற்குள் மேகம் வானத்தில் சாய்ந்துவிட்டிருந்ததால், அப்போது கண்ணாடி கழித்தது வேறொரு பக்கத்து வானத்தை. பியூலா விரல் வைத்த இடத்துக்குப் பக்கத்தில், அவள் சொன்னபடியே, இரண்டாவது மேடு வந்து நின்றது. நாய்ஸ் இல்லை, ஒரு மண்ணும் இல்லை. பிறந்துகொண்டிருக்கும் இன்னொரு நட்சத்திரம்.

பெங்களூர் முடியட்டும், சொல்லிக்கொள்ளலாம் என்று நினைத்தார். பெங்களூரில் பழைய ஒற்றை மேட்டுப் படத்தையே காட்டினார், கைதட்டினார்கள். திரும்பி வந்த வாரம் அவள் ராஜினாமா எழுதிக் கொடுத்தாள். கணவன் சாலமோன் துறைமுகத்தில் வேலை பார்க்கும் தூத்துக்குடியில், ஒரு பள்ளிக்கூடத்தில் அவளுக்கு இடம் கிடைத்திருந்தது. அப்போதும் சொல்லியிருக்கலாம். சொன்னால் கைதட்டியவர்களுக்கெல்லாம் எழுத வேண்டும், அச்சான கட்டுரை தப்பு என்று இன்னொரு கட்டுரை அச்சாக வேண்டும். குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும் என்பார்கள். அவர் தட்டில் பாதிச் சோற்றை மிச்சம் வைத்துக்கொண்டிருந்தார். அல்சர் என்று நினைத்து, சிட்லபாக்கம் வீட்டில் மனைவி தையல்நாயகி வேளாவேளைக்கு மோர் கரைத்துக் கொடுத்துக்கொண்டிருந்தாள்.

பிரிவுபசாரத்தில் துறைத்தலைவர் ஏசுபாதம் பேசினார். "லெட்டர் இன்னும் என் டேபிள்லதான் இருக்கும்மா. நாளைக்குத்தான் பிரின்சிபாலுக்குப் போகும். மனசு மாறினா இன்னிக்குச் சாயங்காலத்துக்குள்ள சொல்லிடு." எல்லோரும் சிரித்தார்கள். சுப்பராயலுவும் வடையைக் கையில் வைத்துக்கொண்டு சிரித்துவைத்தார். பிறகு பியூலா எழுந்தாள்.

"நமக்கு எது வராதுன்னு தெரிஞ்சிக்கறதும் ஒரு படிப்புதான். அதை என் முகத்துக்கு நேரா சொன்னவர் சுப்பராயலு சார். வேற யாராவதா இருந்தா, பொம்பளை மனசு கஷ்டப்படுமேன்னு ஆமா போட்டிருப்பாங்க. சார் போடல. தேங்க்ஸ் சார்."

அவள் கிண்டலாகச் சொல்லியிருந்தால் தாங்கியிருப்பார். அவள் கும்பிட்டாள்.

சாயங்காலம் அவரும் அவளோடு ஸ்டேஷனுக்கு நடந்தார். "சார், ஒங்களுக்கு சிட்லபாக்கம் பஸ் அந்தப் பக்கம்ல?" என்று அவள் கேட்டபோது அவர் மேம்பாலப் படியில் ஏறிக்கொண்டிருந்தார். மேம்பாலத்தில் பூக்காரிகளும் ஆபீஸ் விட்டு வருகிறவர்களும் எதிரே இடித்துக்கொண்டு வந்தார்கள். நாளைக்குச் சாமான் லாரியில் ஏறுகிறது, குக்கரைக்கூட கட்டியாயிற்று, இன்று ராத்திரி ஓட்டல் சாப்பாடுதான் என்று அவள் பேசிக்கொண்டே வந்தாள். பிளாட்பாரப் பெஞ்சில் உட்கார்ந்ததும் அவர் பையிலிருந்து காகிதத்தை எடுத்துக் கொடுத்தார்.

அவள் விரித்துப் பார்த்தாள். "ரெண்டாவது சுத்தா?"

"ம்."

"அப்ப கண்ணாடி வேற பக்கம் ஆடியிருக்கும். அப்ப மொத சுத்துல நாம கழிச்சது..." முடிக்காமல் அவள் எழுந்துவிட்டாள். "இருக்கு சார்! அங்க இருக்கு! நான் சொன்னேன்ல?" முகமெல்லாம் பல்லாக, பக்கத்தில் கூடையோடு நின்ற மீன்காரம்மாவிடம்கூடக் காட்டிவிடுவாள்போல இருந்தது. அந்தச் சந்தோஷத்தைப் பார்க்கப் பார்க்க சுப்பராயலுவுக்குத் தன்னைச் செருப்பால் அடித்துக்கொள்ளலாம்போல வந்தது. அவளைத் தப்பு என்று சொன்ன ஆள் எதிரிலேயே இருப்பது அவளுக்கு ஞாபகம்கூட இல்லை.

பிறகு அவள் காகிதத்தைப் பார்த்தபடியே கேட்டாள். "இதை எப்ப சார் போட்டீங்க?"

நேற்று என்று சொல்லிவிடலாம். வார்த்தை நாக்கு நுனியில் வந்து நின்றது. யாருக்கும் தெரியப்போவதில்லை.

"லீவுல" என்றார். "பெங்களூர் போறதுக்கு முன்னாடி."

அவளுக்குக் கணக்குப் போட நேரமாகவில்லை. சிரிப்பு ஒரேயடியாகப் போய்விடவில்லை, உதட்டோரத்தில் கொஞ்சம் தங்கியிருந்து, அப்புறம் போயிற்று. பீச் போகும் வண்டி வந்து நின்றது. மீன்காரம்மா கூடையை உள்ளே தள்ளி ஏறினாள். பியூலா ஏறவில்லை. காகிதத்தைத் துளை ஓரம் கிழியாமல் சுருட்டினாள்.

"மேடம், நான்..."

"டேப் எங்க இருக்கு?"

"ஸ்டாஃப் ரூம்ல, என் பீரோல."

"சாவி குடுங்க."

அவர் பேன்ட் பையில் கையை விட்டுக் கொத்தை எடுத்தார். வீட்டுச் சாவி, ஸ்டாஃப் ரூம் சாவி, பீரோ சாவி எல்லாம் ஒரே வளையத்தில் கிடந்தன. வளையம் பிரியவில்லை. நகத்தைக் கொடுத்து நெம்பினார், நகம் மடங்கியது, மறுபடி நெம்பினார். பின்னால் வண்டி ஊதிவிட்டுக் கிளம்பியது. பியூலா கல்லூரிக்குத் திரும்பும் மேம்பாலத்துப் படிக்கட்டைப் பார்த்தபடி நின்றாள். அவர் பக்கம் நீட்டிய கை மட்டும், உள்ளங்கை மேலே பார்க்க, அப்படியே நீண்டிருந்தது.