கோருகிறோம்

கதிர்காமத்தம்பி எழுதிக் கொடுத்த கடிதத்தைக் கேதீஸ்வரி மூன்றாம் முறையாக வாசித்தாள். அரசாங்கக் கச்சேரி வாசலில் மேசை போட்டு மனு, பெட்டிசம் எழுதுகிறவர் அவர். எழுத்து மணிமணியாகத்தான் இருந்தது. ‘அனாதை அகதிகளாகிய நாங்கள், தங்கள் பாதத்தில் விழுந்து பதினொரு தோணிகளைப் பிச்சையாகக் கேட்கிறோம்.’

சுனாமி அடித்து மூன்று மாதம். ஆரையம்பதிப் பெண்கள் பதினொரு பேர் பள்ளிக்கூட முகாமில் இருந்தார்கள். கடலுக்குப் போய்வந்த ஆண்கள் இல்லை. ஊரை ஒட்டிய உப்புநீர் வாவியில் இறால் பிடிக்கத் தாங்களே இறங்குவதென்று முடிவு செய்திருந்தார்கள். நகரத்தில் ஒரு தொண்டு நிறுவனம் தோணி கொடுப்பதாகக் கேள்வி. மறுநாள் காலை கடிதத்தோடு போக வேண்டும்.

கேதீஸ்வரி பென்சிலால் ‘பிச்சை’யை வெட்டினாள்.

பக்கத்துப் பாயிலிருந்த அயல்வீட்டு ஆச்சிப்பிள்ளை பதறிப்போனாள். “என்னகா செய்யிறாய்? படிச்ச மனிசன் எழுதினத மாத்தி, கிடைக்கிறதும் கிடைக்காமப் போனா?”

“கேக்கிறது அதே தோணிதான் மாமி. சொல்லைத்தான் மாத்திறன்.”

எட்டாம் வகுப்போடு படிப்பு நின்றாலும் ஒத்த கருத்துச் சொற்களில் அவளுக்கு ஒருநாளும் புள்ளி குறைந்ததில்லை. ‘தானம்’ என்று எழுதிப் பார்த்தாள். ‘தருமம்’, ‘இனாம்’. எல்லாமே கையேந்தித்தான் நின்றன. நெடுநேரம் யோசித்து, ‘கோருகிறோம்’ என்று எழுதினாள். அகதிகள் போய், மீன்பிடிக் குடும்பத்தினர் வந்தார்கள். ‘பாதத்தில் விழுந்து’ என்பதற்குப் பதில் அவள் ஒன்றும் போடவில்லை. கடிதத்தில் ‘மாண்டுபோன ஆண்கள்’ என்றிருந்த இடத்தில் கை நின்றுவிட்டது. இறந்த, காலமான, மறைந்த, பலியான. எதுவும் தன் புருஷனுக்குப் பொருந்துவதாக இல்லை. சொல்லை விட்டுவிட்டு ‘அழகரத்தினம்’ என்று பெயரையே எழுதினாள்.

எட்டிப் பார்த்துக்கொண்டிருந்த ஆச்சிப்பிள்ளை சொன்னாள். “என்ட புள்ளையளுட பேரையும் போடு. ரதீஸ், தனோஜன்.”

பிறகு கேதீஸ்வரி பாய் பாயாகப் போய் எல்லோருடைய ஆண்களின் பெயர்களையும் கேட்டு, கடிதத்தைப் புதுத் தாளில் எழுதினாள்.

மறுநாள் நிறுவனத்தில் இமெல்டா என்ற அலுவலர் கடிதத்தை வாங்கினார். பதினொரு பேரும் சுவரோரமாக நின்றார்கள். வாசிக்க வாசிக்க அவர் குரல் வெளியே வந்தது. “...பதினொரு தோணிகளைக் கோருகிறோம். வாவி எங்களுக்குத் தெரியும். தொழிலும் தெரியும்.” தலை நிமிர்ந்தார். “இத ஆர் எழுதின?”

“நான்தான் மிஸ்” என்றாள் கேதீஸ்வரி. “பிழையெண்டா...”

“எங்கட கேதீஸ் எழுதின” என்று குறுக்கே விழுந்தாள் ஆச்சிப்பிள்ளை. “நாங்க எல்லாரும் வாசிக்கக் கேட்டுத்தான் கையெழுத்து வெச்ச.”

“முப்பது கடிதம் வந்திருக்கு. எல்லாத்திலயும் ஒரே அழுகை. ஆர் எவர் எண்டே விளங்கல்ல” என்றார் இமெல்டா. “தோணி கிடைக்குமெண்டு நான் இப்ப சொல்ல ஏலாது. ஆனா முடிவெடுக்கிற கூட்டத்தில இத ஒரு எழுத்தும் மாத்தாம வாசிப்பன்.” அப்போதுதான் கவனித்தவர்போல, “ஏன் எல்லாரும் நிக்கிறீங்க? இருங்க” என்றார்.

கேதீஸ்வரி முதலில் உட்கார்ந்தாள். ஆச்சிப்பிள்ளை ஒரு கதிரையை இழுத்து அவளுக்குப் பக்கத்தில் போட்டாள். மற்றவர்கள் விறாந்தையிலிருந்த நீள வாங்குகளைத் தூக்கி வந்தார்கள். அந்தச் சின்ன அறையில், முழங்கால்கள் மேசையில் முட்ட, பதினொரு பேரும் அமர்ந்தார்கள்.