சிதம்பரத்தில் எரிந்த பிரேக் லைட்

சுனாமி கழிந்து ஆறு மாதம் ஆனபோது, கடலூர் மஞ்சக்குப்பத்தில் அறிவுமதி டீச்சர் தன் காரின் பிரேக்கை மிதித்தால், அதன் இடது பக்கப் பின்விளக்கு நாற்பத்தைந்து கிலோமீட்டர் தள்ளி சிதம்பரத்தில் எரிய ஆரம்பித்தது. மேலவீதியை ஒட்டிய சந்து ஒன்றில், பல்செட் கட்டும் கலியமூர்த்தியின் கடையில், அலமாரியின் இரண்டாவது தட்டில் எரிந்தது. அந்த வருஷம் பண்ருட்டிப் பலா நல்ல விளைச்சல், விலை இறங்கிக் கிடந்தது. பெட்ரோல் ஏறிக்கொண்டே போனது. பிரேக் லைட் சிதம்பரத்தில் எரிந்தது. நடந்ததை நடந்த மாதிரியே சொல்கிறேன், கண்ணுங்களா. நடுவில் சந்தேகம் வந்தால் கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள், போகப் போகத் தெளியும்.

கலியமூர்த்தி டாக்டர் இல்லை. பல் போனவர்களுக்கு அளவெடுத்துப் பல்செட் கட்டித் தருகிறவர். வாயில் அச்செடுக்கும் மாவை அப்பி, நாலு நிமிஷம் அசையாமல் கடித்துக்கொள்ளச் சொல்வார். அந்த நாலு நிமிஷமும் எதிரே இருப்பவர் பேச முடியாது. மாவை எடுத்ததும் வாயைக் கொப்பளித்துவிட்டு, "எப்ப வரட்டும்?" என்று கேட்டுக்கொண்டே செருப்பை மாட்டிவிடுவார்கள். இருபத்தாறு வருஷத்தில் ஊரில் பாதிப் பேருடைய மேலண்ணம் அவருக்கு மனப்பாடம். யாருடைய பேச்சும் தெரியாது. அவருக்கென்று பார்த்த பெண்கள் இரண்டு பேர் வீட்டு வாசல்வரை வந்து, பிளாஸ்டிக் வாடை தலையை வலிக்கிறது என்று திரும்பிப் போனார்கள். மூன்றாவதாக யாரையும் யாரும் பார்க்கவில்லை. சமைத்ததில் மிச்சமாவதை வாசல் நாய்க்குப் போடுவார். அதுவும் தின்றுவிட்டு பங்ச்சர் கடைப் பக்கம் போய்த்தான் படுக்கும்.

கார் சமாச்சாரம் அவருக்கு வந்தது பக்கிரியால். பக்கிரி அவரோடு பள்ளிக்கூடத்தில் படித்தவன், கடலூரில் பழைய கார் மெக்கானிக். 2004-ல் ஜாக்கி நழுவி முன்பல் இரண்டு போய், செட் கட்ட வந்தான். வாயில் இருந்த மாவை எடுத்த கையோடு அவன் கேட்டது இது: "மச்சான், இந்த மாவு பல்லைத்தான் அச்சு எடுக்குமா, காரு சாமானையும் எடுக்குமா?"

"காரு வாயைத் தொறக்குமா?"

"நான் தொறக்க வைக்கிறேன், நீ எடு."

முதலில் வார்த்தது ஒரு பழைய ஃபியட் காரின் கண்ணாடி ஏற்றும் கைப்பிடிக் குமிழ். கையில் இருந்தது பல்செட் சரக்குதான் என்பதால், குமிழ் ஈறு நிறத்தில் வந்தது. காருக்குச் சொந்தக்காரர் ஒரு வக்கீல். "இன்னாப்பா, என் வண்டிக்கு ஈறு மொளைச்சிருக்கு" என்றார், ஆனாலும் கழற்றச் சொல்லவில்லை. பிறகு கலியமூர்த்தி சென்னையிலிருந்து அச்சுக்குச் சிலிகானும் வார்ப்புக்கு ரெசினும் வரவழைத்தார், சாயம் கலக்கக் கற்றார். கடையில் கிடைக்காத சுவிட்சு, குமிழ், விளக்குக் கண்ணாடி எல்லாம் அந்தச் சந்தில் பிறந்து ஊர் ஊராய்ப் போயின.

அதற்கு ஒரு முறை உண்டு. அசல் சாமானைப் பாதிவரை களிமண்ணில் புதைத்து, சுற்றிலும் பெட்டி கட்டி, சிலிகானை ஊற்ற வேண்டும். மறுநாள் திருப்பிப் போட்டு, களிமண்ணை எடுத்துவிட்டு, இறுகின பாதியின்மேல் வாஸ்லைன் தடவி, மறுபாதிக்குச் சிலிகான் ஊற்ற வேண்டும். மூன்றாம் நாள் பெட்டியைப் பிரித்தால் புத்தகம் போல இரண்டாகத் திறக்கும். அசலை எடுத்துவிட்டு, அது இருந்த பள்ளத்தில் ரெசினை ஊற்றி, குமிழி தங்காமல் இருக்கக் குக்கருக்குள் வைத்து, பக்கத்து பங்ச்சர் கடை அஃப்சலிடம் கொண்டுபோய்க் காற்றடிப்பார். "இன்னா மாமா, இன்னிக்கு எத்தினி விசிலு?" என்று அஃப்சல் தவறாமல் கேட்பான். சிலிகான் பொல்லாத சரக்கு. நகம் கீறினது, யாரோ என்றோ அழுத்தின கட்டைவிரல் ரேகை, ஒன்று விடாமல் எடுத்துக்கொள்ளும். மரத்தோடு ஒட்டாது, இரும்போடு ஒட்டாது, பிளாஸ்டிக்கோடு ஒட்டாது. இன்னொரு சிலிகானோடு மட்டும் ஒட்டும், ஒட்டினால் பிரியாது. அதனால் வாஸ்லைனை மட்டும் மறக்கவே கூடாது.

அறிவுமதி டீச்சர் வந்தது 2005 ஆனி மாதத்தில். பெண்கள் மேல்நிலைப் பள்ளியில் ரசாயனம் நடத்துகிறவர், நாற்பத்தாறு வயது, தனியாள். அப்பா விட்டுப்போன 1966-ம் வருஷத்து ஹெரால்டு காரைத் தானே ஓட்டுவார். அந்தக் கார் வருவது நின்று முப்பது வருஷத்துக்கு மேல் ஆகியிருந்தது. வலது பின்விளக்கை ஒரு மினி பஸ் நொறுக்கிவிட்டதால், இடது பக்கத்துச் சிவப்புக் கண்ணாடியைக் கழற்றிக் கைக்குட்டையில் சுற்றிக் கொண்டுவந்திருந்தார். இரண்டு பக்கத்துக்கும் ஒரே அச்சுதான். "இது ஒண்ணுதாங்க மிச்சம். இதுவும் போனா உலகத்துல கெடையாது" என்று மேஜைமேல் வைத்தார். பிளாஸ்டிக் வாடையைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. லேபில் இருபது வருஷம் நின்ற மூக்கு அது. சிலிகான் தன்னோடு மட்டும் ஒட்டும் என்று கேட்டதும் சிரித்தார்.

"ரோஷக்கார சாமான். எங்க ஸ்டாஃப் ரூம்ல இப்பிடி ஒருத்தி உண்டு."

"யாருங்க டீச்சர்?"

"நான்தான்."

அரைமணி நேரம் பேசினார். காரில் தனியாகப் போகும்போது வாய்விட்டுப் பாடம் நடத்திக்கொண்டு போவதாகவும், சிக்னலில் பக்கத்து வண்டிக்காரர் ஒருநாள் சந்தேகம் கேட்டதாகவும் சொன்னார். இருபத்தாறு வருஷத்தில் அந்த நாற்காலியில் உட்கார்ந்து அவ்வளவு நேரம் பேசினது அவர் ஒருத்தர்தான். அவர் போன பிறகும் அந்தக் குரல் கடைக்குள் சுற்றிக்கொண்டே இருந்தது. மறுநாள் அந்தக் குரலைக் கேட்டபடியே கலியமூர்த்தி களிமண்ணை எடுத்தார், கேட்டபடியே மறுபாதியை ஊற்றினார். வாஸ்லைன் டப்பா மூடி திறக்காமல் இருந்த இடத்திலேயே இருந்தது.

மூன்றாம் நாள் பெட்டியைப் பிரித்தார். புத்தகம் திறக்கவில்லை. ஜவ்வரிசிக் கஞ்சி நிறத்தில் ஒரு செங்கல். உலகத்தில் மிச்சமிருந்த அந்த ஒரே கண்ணாடி உள்ளே. பிளேடால் அறுத்து எடுக்கலாம், எடுக்கத் தெரியாதவர் இல்லை. பிளேடை வைத்து அழுத்தப் போன நேரம் காலை எட்டே முக்கால். செங்கல்லின் நடுவயிறு சிவப்பாக எரிந்து, அணைந்தது. வெயில் என்று நினைத்து ஜன்னலைச் சாத்தினார். மறுபடி எரிந்தது. பிளேடைக் கீழே வைத்தார்.

அந்த வாரமே பக்கிரி போன் செய்தான். "டீச்சர் வண்டியில லெஃப்ட் பல்பு சுடுது மச்சான், ஆனா எரியல. ஒயரு சரி, பேட்டரி சரி. வெளிச்சம் மட்டும் எங்கியோ போவுது."

எங்கே போகிறது என்று கலியமூர்த்திக்குத் தெரியும். சொல்லவில்லை. அறுத்தால் கண்ணாடி டீச்சரிடம் போய்விடும், அலமாரி பழையபடி அலமாரியாகிவிடும். அதனால் இன்னும் காயவில்லை என்று சொல்லி அனுப்பினார். சிலிகான் ஒரு நாளில் காயும். அவர் ஆறரை வருஷம் காய வைத்தார். அது தப்புதான், இல்லையென்று நான் சொல்லமாட்டேன். ஒரு மனுஷன் செய்த தப்பு.

அந்த வருஷங்களில், பக்கிரி பேச்சோடு பேச்சாகச் சொன்ன வழியை வைத்துக்கொண்டு, அவர் கடலூரைப் பிரேக்காலேயே கற்றார். பள்ளிக்கூட வாசலில் நீளமாய் ஒன்று, கோவில் திருப்பத்தில் ஒன்று, வேகத்தடைக்குச் சின்னதாய் இரண்டு, வீட்டுப் பின்கட்டு ஷெட்டுக்குள் நுழையக் கடைசியாய் ஒன்று. பரீட்சைக் காலத்தில் விளக்கு சீக்கிரம் வீடு திரும்பும். ஞாயிற்றுக்கிழமை மார்க்கெட்வரை போய்வரும். 2006 ஐப்பசியில் மூன்று நாள் எரியவே இல்லை. கலியமூர்த்தி மூன்று நாளும் கஞ்சியோடு நிறுத்திக்கொண்டார். நாலாம் நாள் கோவில் திருப்பத்தில் பளிச்சென்று வந்தது. அன்றைக்கு வந்த கிழவருக்குப் பல்செட்டை இனாமாகக் கட்டிக் கொடுத்தார்.

2007-ல் டீச்சர் நேரிலேயே வந்துவிட்டார். பக்கிரிதான் வண்டி ஓட்டிவந்தான். டீச்சர் நாற்காலியில் உட்கார்ந்தார். வெளியே பக்கிரி பிரேக் ஆயிலைச் சோதிக்கிறேன் என்று பெடலை மிதித்து மிதித்து விட்டான். அலமாரியில் துண்டு போர்த்தியிருந்த செங்கல், துண்டையும் மீறிச் சிவப்பாய் மினுக்கியது. கலியமூர்த்தி எழுந்து அலமாரிக்கு முன்னால் போய் நின்றுகொண்டார்.

"இன்னும் காயலையா?"

"ஈரக்காத்து டீச்சர். காய மாட்டேங்குது."

"ரெண்டு வருஷமாவா?"

"சில சரக்கு அப்பிடித்தாங்க."

பிளஸ் டூ பிள்ளைகளுக்கு ரசாயனம் நடத்துகிறவர் அவரை ஒரு நிமிஷம் பார்த்தார். டீயைக் குடித்து முடித்து டம்ளரைக் கீழே வைத்தார். "சரி, காயட்டும்" என்று எழுந்து போனார். பக்கிரி வலது பக்கத்துக்கு ஒரு ஸ்கூட்டர் விளக்கை வெட்டி ஒட்டிக் கொடுத்தான். இடது பக்கம் வெறுமனே இருந்தது. அதற்கு மறுநாளிலிருந்து ஒரு புதுப் பழக்கம் வந்தது. தினம் சாயங்காலம் ஆறரைக்கு, வண்டி ஷெட்டுக்குள் போய் நின்ற பிறகு, விளக்கு மூன்று தடவை எரிந்து அணைந்தது. பிரேக் பிடிக்கிறதா என்று பார்க்கிறார்போல, என்று கலியமூர்த்தி நினைத்துக்கொண்டார். ஆனாலும் ஆறேகாலுக்கே டீ போட்டு, நாற்காலியை அலமாரிப் பக்கம் திருப்பி வைத்துக்கொள்வார். நாலு வருஷம் அப்படிப் போனது.

2011 டிசம்பர் முப்பதாம் தேதி ‘தானே’ புயல் கடலூரில் கரையேறியது. அன்று விடிகாலை ஐந்து மணிக்கு அலமாரி எரிந்தது, அணையவில்லை. ஆறு மணிக்கும் எரிந்தது. சிதம்பரத்திலும் ஓடுகள் பறந்துகொண்டிருந்தன. எட்டு மணிக்குக் கொஞ்சம் மங்கினாற்போல இருந்தது. போன் எதுவும் வேலை செய்யவில்லை. வண்டி ஓடவில்லை, ஆனால் யாரோ பெடலிலிருந்து காலை எடுக்கவில்லை. பேட்டரி தீர்ந்தால் விளக்கும் தீரும். அதற்குமேல் யோசிக்க ஒன்றும் இல்லை. செங்கல்லை மஞ்சள் பைக்குள் போட்டுக்கொண்டு அஃப்சல் கதவைத் தட்டினார். அஃப்சல் பைக்குள் எட்டிப் பார்த்தான், சிவப்பைப் பார்த்தான். "ஏறு மாமா" என்று டிவிஎஸ் ஃபிஃப்டியை மிதித்தான்.

புதுச்சத்திரம் தாண்டி ரோட்டில் மரம் படுத்துக் கிடந்தது. ஆலப்பாக்கத்துக்கு அப்புறம் ரோடே தெரியவில்லை. அஃப்சலையும் வண்டியையும் அங்கே விட்டுவிட்டு, செம்மங்குப்பம் வழியாக மரங்களின்மேல் ஏறி இறங்கி, கடலூர் போய்ச் சேரும்போது மணி மூன்று. டீச்சர் வீட்டுக்கு அவர் ஒருநாளும் போனதில்லை. தெருப்பலகை ஒன்றும் நிற்கவில்லை. பள்ளிக்கூடம் எது என்று மட்டும் கேட்டார். அந்த வாசலிலிருந்து பிரேக் பிரேக்காய் நடந்தார். கோவில் திருப்பம். கிளைகளுக்கு அடியில் காலால் தடவி முதல் வேகத்தடை, அப்புறம் இரண்டாவது. அதற்கு அடுத்த வீட்டில் ஓடு ஒன்றுகூட இல்லை. எதிர்வீட்டு அம்மாள், "டீச்சரு லீவுக்கு நெய்வேலி தங்கச்சி வூட்டுக்குப் போயிருப்பாங்க" என்றாள். கலியமூர்த்தி பையைத் திறந்து காட்டினார். உள்ளே இங்க் கரைத்த தண்ணீர்போல ஒரு வெளிச்சம் மிச்சம் இருந்தது.

"போகலம்மா. இங்கதான் இருக்காங்க."

பின்கட்டில் வேப்பமரம் ஷெட்டோடு சேர்ந்து காரின்மேல் விழுந்து கிடந்தது. தெருவில் ஆள் கூட்டி, அரிவாளும் ரம்பமுமாய் அறுத்து, கதவை நெம்பும்போது செங்கல் முழுக்க இருண்டுவிட்டது. ஓடு பறக்கத் தொடங்கினதும் காருக்குள் ஓடி உட்கார்ந்தவர், பத்து மணி நேரத்துக்கு மேலாய் ஒரு கால் மரத்துப்போனால் மறுகால் என்று மாற்றி மாற்றி மிதித்தபடி உள்ளே இருந்தார். உதடு காய்ந்து வெடித்திருந்தது. மஞ்சள் பையைப் பார்த்தார்.

"காஞ்சிடுச்சா?"

கலியமூர்த்திக்கு வாய் நிறைய மாவை அப்பினதுபோல இருந்தது. நாலு நிமிஷம் ஆன பிறகுதான் பேச்சு வந்தது. "அறுத்துக் குடுத்துடறேன் டீச்சர். நாளைக்கே குடுத்துடறேன்."

"எதுக்கு? அன்னிக்கு கடையிலயே பாத்துட்டேன், துண்டுக்குள்ள. தினமும் ஆறரைக்கு வேற யாருக்குன்னு நெனச்சீங்க?" என்றார் டீச்சர். தண்ணீர் வாங்கிக் குடித்துவிட்டு, "காயட்டும்" என்றார்.

அன்று இரவுக்குள் அவரை நெய்வேலிக்கு அழைத்துப் போய்விட்டார்கள். கலியமூர்த்தி சிதம்பரம் திரும்பினார். கார் பக்கிரியின் பட்டறையில் மூன்று மாதம் கிடந்தது. கடலூரில் பாதி ஊருக்கு அப்போது கரண்ட் இல்லை. இருந்தும் புது பேட்டரி போட்ட அன்றிலிருந்து ஆறரைக்கு அலமாரி மூன்று தடவை எரிந்தது. கேட்டதற்குப் பக்கிரி, "டீச்சரு சொல்லிட்டுப் போயிருக்காங்க மச்சான், மிதிக்கிறேன். எதுக்குன்னு நான் கேக்கல" என்றான். சித்திரையில் டீச்சரே மிதிக்க ஆரம்பித்தார். ஒரு வித்தியாசம் அலமாரிக்குத் தெரிந்தது. அவருடைய மூன்றாவது மிதி மட்டும் கொஞ்சம் நீளம்.

அவர் சிதம்பரத்துக்குக் குடிவரவில்லை. இவரும் கடலூர் போகவில்லை. இருந்த இடத்திலேயே இருந்தார்கள்.

2012 ஆடியில் காரை மறுபடி பதிவு செய்ய எடுத்துப் போனார் டீச்சர். பிரேக் இன்ஸ்பெக்டர் பின்னால் நின்று மிதிக்கச் சொன்னார். வலது எரிந்தது. இடது எரியவில்லை. டீச்சர் இறங்காமலே செல்லில் ஒரு நம்பரைப் போட்டு அவரிடம் நீட்டினார். இன்ஸ்பெக்டர் காதில் வைத்துக்கொண்டு, மிதிங்கம்மா என்றார். மிதித்தார். எடுங்க என்றார். எடுத்தார். இன்னொரு தரம் என்றார். மறுமுனையில் கலியமூர்த்தி, "எரியுதுங்க... அணைஞ்சுதுங்க... எரியுதுங்க" என்று சொல்லிக்கொண்டிருந்தார். இன்ஸ்பெக்டர் போனைத் திருப்பிக் கொடுத்தார். இடது பிரேக் விளக்கு எரிகிறது, சிதம்பரத்தில், என்று எழுதி முத்திரை குத்திவிட்டு, அடுத்த வண்டியைக் கூப்பிட்டார்.