இரண்டாவது வாசகர்

மனித இனத்தின் பரிணாமத்தைப் பற்றி ஆண்டுக்கு நான்கு முறை வெளிவரும் ஓர் ஆய்விதழில் அவர் அலுவலகச் செயலர். வரும் கட்டுரைகளைப் பதிவு செய்வது, மதிப்பீட்டாளர்களுக்கு அனுப்புவது, அவர்கள் தூங்கிவிட்டால் தட்டி எழுப்புவது, கடைசியில் பொருளடக்கப் பக்கம் தயாரித்து அச்சுக்கு அனுப்புவது எல்லாம் அவர் தலையில்தான். முகத்துக்கு நேரே சார் என்பவர்கள் முதுகுக்குப் பின்னால் அவரைப் பொருளடக்கம் என்றார்கள். அது அவருக்கும் தெரியும். இருபத்தாறு வருஷமாக ஊரார் பேரையெல்லாம் அந்தப் பக்கத்தில் ஏற்றிய மனிதர், தன் பேரை ஒரு தடவைகூட ஏற்றியதில்லை.

இதழுக்கு ஐம்பது வயதாகப் போகிறது என்றதும் ஆசிரியர் அவரை மேலே கூப்பிட்டார். ஐம்பது வருஷத்தில் எதைப் பற்றியெல்லாம் போட்டிருக்கிறோம், எது ஏறியது, எது இறங்கியது என்று ஒரு கட்டுரை வேண்டும், உங்களை விட்டால் யார் எழுதுவார்கள், உங்கள் பேரிலேயே போடலாம் என்றார். சரி சார் என்று மட்டும் சொல்லிவிட்டு வந்தவருக்குப் படிக்கட்டில் கால் பாவவில்லை. ஞாயிற்றுக்கிழமை வழக்கம்போல அக்கா போன் செய்தபோது, சாப்பிட்டாயா, சளி விட்டதா என்ற விசாரணைகளுக்கு நடுவில் விஷயத்தை நைசாக நுழைத்தார். அக்காவுக்குப் பரிணாமமும் தெரியாது, ஆய்விதழும் தெரியாது. பேர் வருகிறதா, அது போதும் என்றாள். அத்தானிடமும் உடனே சொல்லிவிட்டாள்.

இந்த மாதிரி எண்ணிப் பார்க்கும் கட்டுரைக்கு ஒரு விதி உண்டு. ஒருவர் கண் போதாது. இரண்டு பேர் தனித்தனியாக, ஒருவர் தாளை ஒருவர் பார்க்காமல், ஒவ்வொரு கட்டுரையின் சுருக்கத்தையும் படித்து எலும்பு, மரபணு, குரங்கு, கல்கருவி, உணவு, உறவு என்று ஏதாவது ஒரு பெட்டியில் போட வேண்டும். பிறகு இரண்டு தாளையும் அருகருகே வைத்து, நூற்றுக்கு எத்தனை ஒத்துப்போகிறது என்று பார்க்க வேண்டும். விஷயம் காதில் விழுந்ததும், இரண்டாவது ஆளாக வருகிறேன் என்று கீழ்த்தளத்து நூலகர் தானாகவே முன்வந்தார். பென்ஷனுக்கு நான்கு வருஷம் பாக்கி இருக்கும், கண்ணாடியைத் தலைமேல் ஏற்றிவிட்டு மேஜையெல்லாம் தேடும் அம்மாள்.

இரண்டு மதியம் வந்தார். எதிர் நாற்காலியில் உட்கார்ந்து முதல் நாற்பது கட்டுரைகளை முடித்தார். இரண்டாம் நாள், பல் தேய்மானம் பற்றிய ஒரு கட்டுரை வந்தபோது, பேசக்கூடாது என்ற விதியை மறந்து, "பல்லு எதுக்கு இருக்கு, திங்கத்தானே" என்று முணுமுணுத்தபடி அதை உணவில் போட்டார். எலும்பில் போட்டிருந்த நம்மவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அந்த அறையில் அவர் வாய்விட்டுச் சிரித்து எத்தனையோ காலம் ஆகியிருந்தது. மறுநாள் வெளியூரில் இருந்த நூலகரின் மகளுக்குக் குறித்த நாளுக்கு முன்பே பிரசவ வலி கண்டது. அம்மாள் நான்கு மாத விடுப்பில் அடித்துப் பிடித்துக்கொண்டு கிளம்பினார். அந்த நாற்பதின் தாளும் அவர் கைப்பையோடு போய்விட்டது.

வேறு யாரைக் கேட்பது? நம்மவரிடம் மூவாயிரம் ஆய்வாளர்களின் முகவரி இருந்தது. அவர்கள் எழுதும் கடிதமெல்லாம் ‘அன்புள்ள அலுவலகத்துக்கு’ என்றுதான் தொடங்கும். ஆசிரியரிடம் சொல்லலாம், சொன்னால், ஆள் இல்லையா, அப்படியானால் வேறு ஒருவரிடம் கொடுத்துவிடலாம் என்பாரோ என்று பயம். அம்மாள் வரட்டும், அதுவரை நம் தாளை முடிப்போம் என்று உட்கார்ந்தார்.

மொத்தம் ஆயிரத்து இருநூற்றாறு கட்டுரைகள். முதல் பத்து வருஷம் எங்கே திரும்பினாலும் மண்டையோடுதான். பிறகு குரங்குகள் கொஞ்ச காலம் ஆடின. மரபணு, வீட்டோடு வந்த மாப்பிள்ளை மாதிரி முதலில் ஒரு மூலையில் அடக்கமாக உட்கார்ந்து, பத்து வருஷத்தில் எல்லா அறையையும் பிடித்துக்கொண்டது. ஆரம்பத்தில் ஒரு கட்டுரைக்கு ஒரு பேர், அடியில் ‘தட்டச்சு செய்த என் மனைவிக்கு நன்றி’ என்று ஒரு வரி. இப்போது சராசரி ஒன்பது பேர். ஒன்றில் அறுபத்துநான்கு பேர், கல்யாணப் பத்திரிகை தோற்றுப்போகும்.

தன் தாளை முடித்ததும் அதை மூடி வைத்தார். ஒரு வாரம் சும்மா இருந்தார். பிறகு ஒரு புதுத் தாளை எடுத்துக்கொண்டு எழுந்துபோய் எதிர் நாற்காலியில் உட்கார்ந்தார்.

ஏமாற்ற வேண்டும் என்று தொடங்கியதல்ல. அம்மாள் வந்ததும் சரிபார்த்துக்கொள்வார் என்று தனக்குத்தானே ஒரு சமாதானம். அந்த அம்மாளாக இருந்தால் இதை எங்கே போடுவார் என்று யோசித்து யோசித்துப் போட்டார். பல் என்றால் உணவு, யோசனையே வேண்டாம். சிம்பன்சி தாயும் குட்டியுமா, குரங்கில் போடமாட்டார், உறவில்தான் போடுவார். "அது எப்படி மேடம்?" என்று நடுவில் சண்டைகூடப் பிடித்தார். தன் நாற்காலியைப் பார்த்து ஓர் ஆள் சண்டை பிடிப்பதை யாராவது கதவைத் திறந்து பார்த்திருந்தால் மானம் போயிருக்கும். யாரும் திறக்கவில்லை. உண்மையைச் சொல்ல வேண்டும் என்றால், அந்த ஆறு வாரமும் அவருக்குக் காலையில் ஆபீஸுக்குப் போக ஆசையாக இருந்தது.

இரண்டு தாளையும் சேர்த்துப் பார்த்தார். நூற்றுக்கு எண்பத்துநான்கு. கட்டுரையை எழுதிக் கொடுத்தார். ஆசிரியர் படித்துவிட்டு, நல்ல ஜோடி என்று பாராட்டினார். அப்புறம் எல்லாக் கட்டுரைக்கும் உள்ள படிவம்தான், இரண்டு வாசகர்களும் கையெழுத்துப் போட வேண்டும் என்றார்.

வேறு வழியில்லாமல் நூலகருக்குப் போன் போட்டார். வேலை முடிந்துவிட்டது, உங்கள் பேரையும் போட்டுக்கொள்ளலாமா என்று சுற்றி வளைத்துக் கேட்டார். பின்னால் குழந்தை அழுதது.

"நான் நாப்பதுதானே சார் படிச்சேன்?"

"பரவாயில்ல மேடம்."

"நீங்க சொன்னா சரியாத்தான் இருக்கும். போட்டுக்கோங்க. அந்தத் தாள் என் பையிலயேதான் கிடக்கு, போட்டோ எடுத்து அனுப்பறேன்."

அனுப்பினார். நம்மவர் அதைப் பெரிதாக்கி, தன் இரண்டு தாள்களுக்கும் பக்கத்தில் வைத்து ஒவ்வொரு வரியாக விரல் வைத்துப் பார்த்தார். அந்த நாற்பதில் பன்னிரண்டு பல் கட்டுரைகள். அவர் உருவாக்கிய நூலகர் பன்னிரண்டையும் உணவில் போட்டிருந்தார். நிஜ நூலகர் அன்றைக்குச் சொன்ன அந்த ஒன்றை மட்டும்தான் உணவில் போட்டிருந்தார். பத்தை எலும்பில் போட்டிருந்தார். பால்பல் பற்றிய ஒன்றை, குழந்தை தாய்ப்பால் மறப்பதைப் பற்றியது என்பதால், உறவில் போட்டிருந்தார். அது அவருக்குத் தோன்றவே இல்லை. தானாக நினைத்துப் போட்டது அம்மாளோடு இருபத்தொன்பதில் ஒத்துப்போனது. அம்மாள் என்று நினைத்துப் போட்டது பதினெட்டில்தான் ஒத்துப்போனது.

அவர் தாளை மூடினார். முணுமுணுத்த ஒரே ஒரு பேச்சை வைத்து ஒரு முழு மனுஷியைக் கட்டி, ஆறு வாரம் அவளோடு பேசியிருக்கிறார். எதிரில் யாரும் இருந்ததில்லை. சம்மதம் கிடைத்துவிட்டது, பேர் வந்துவிடும், உலகத்தில் யாருக்கும் தெரியப்போவதில்லை. ஆனாலும் அந்தத் தாளின் தலைப்பில் நூலகரின் பேரை எழுத அவருக்குக் கை வரவில்லை.

மறுநாள் காலை மேலே போய் ஆசிரியரிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டார். ஆசிரியர் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் தேவலை. விதி விதிதான், ஒருவரே படித்ததைக் கட்டுரையாகப் போட முடியாது, மறுபடி எண்ணவும் நேரமில்லை, மூன்று பத்தியாகச் சுருக்கி அலுவலகக் குறிப்பு என்று பேரில்லாமல் போட்டுவிடலாம் என்றார். நம்மவர் கதவருகே போனபோதுதான் ஆசிரியர் தயங்கித் தயங்கி, "ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே சார். நானே உக்காந்து படிச்சிருப்பேன்" என்றார்.

பொன்விழா இதழின் பொருளடக்கப் பக்கத்தை அவர்தான் தயாரித்தார். எழுபத்தொரு பேர்களையும் எழுத்துப் பிழை இல்லாமல் ஏற்றி, அலுவலகக் குறிப்பு என்பதைக் கடைசியில் சேர்த்து அச்சுக்கு அனுப்பினார்.

ஞாயிற்றுக்கிழமை அக்கா எடுத்ததும் அதைத்தான் கேட்டாள். "பேர் வந்துச்சா?"

"இல்லக்கா. கூட இன்னொரு ஆள் படிக்கணுமாம்."

"ஒருத்தர்கூடவா கிடைக்கல? யாரைக் கேட்ட?"

"யாரையும் கேக்கலக்கா."

"ஏன்டா?"

அவர் போனை வலது காதிலிருந்து இடது காதுக்கு மாற்றிக்கொண்டார்.

"கேட்டுப் பழக்கமில்லக்கா" என்றார்.