இறங்கித்தான் இருக்கு

செப்டம்பர் வந்தால் எங்கள் கட்டடத்தில் ஒருவருக்கும் புத்தி நிலையில் இருக்காது. குளிர்காலத்துக்குச் சேர்த்துவைக்க, பெர்னிக் ஊரே பால்கனியில் உட்கார்ந்து குடைமிளகாய் சுடும். மின்சார அடுப்புகள் இழுக்கிற இழுப்பில், மாடிப்படிச் சுவரிலுள்ள மெயின் சுவிட்சுகள் மாறி மாறி விழும். படியேறுகிறவர்கள் விழுந்து கிடக்கும் சுவிட்சைத் தூக்கிவிட்டுப் போவார்கள். யார் வீட்டுடையது என்று பார்ப்பதில்லை. யாருடைய மிளகாயும் பாதி வேக்காட்டில் நிற்கக் கூடாது, அவ்வளவுதான்.

ஸ்லாத்தினா வீட்டுச் சமையலறை பிளக் பாயிண்ட் அந்த அடுப்பைத் தாங்காமல் உருகிப்போனது. புதிதாக ஒன்றை மாட்ட அவள் கணவன் ஓக்னியான் சுவிட்சை இறக்கினான். டெஸ்டர் வைத்துப் பார்த்தான். எரியவில்லை.

"நீ படியிலேயே நில்லு. எவனாவது தூக்கிவிட்டா நான் காலி."

"நிக்கிறேன்டா சாமி. உன்னைச் சாகவிட்டுட்டு அந்த அடுப்பை யார் தூக்கிச் சுமக்கிறது?"

நின்றாள். ஆனால் எதிர்வீட்டுக் கதவு திறந்திருந்தது. ராய்னா இன்னொரு மூட்டை மிளகாய் எடுத்துவரக் கீழே போயிருந்தாள். அவள் பால்கனியில் மிளகாய் தீயும் வாசனை மூக்கைத் துளைத்தது. ஸ்லாத்தினா உள்ளே ஓடினாள். தீய்ந்ததை எடுத்தாள், புதியதைப் போட்டாள். அதோடு திரும்பியிருக்கலாம். ஒன்றை உரித்து, உப்புத் தொட்டு வாயில் போட்டுக்கொண்டாள்.

கருகிய கம்பி நுனியை வெட்ட பிளேயரைத் தேடி எடுத்துவந்த ஓக்னியான், மறுபடி டெஸ்டர் வைத்திருக்க வேண்டும். சோம்பல். குரல் கொடுத்தான்.

"ஸ்லாத்தினா! சுவிட்ச் இறங்கித்தானே இருக்கு?"

"இறங்கித்தான் இருக்கு!" என்றாள், வாய் நிறைய மிளகாயோடு.

அவள் பார்க்கவில்லை. அதற்குள் மூட்டையோடு மேலே வந்த ராய்னா, வழக்கம்போல் அதைத் தூக்கிவிட்டிருந்தாள்.

அலறல் கேட்டு ஸ்லாத்தினா ஓடிவந்தபோது ஓக்னியான் தரையில் கிடந்தான். உள்ளங்கை வெந்திருந்தது. மூச்சு இருந்தது. ஆம்புலன்ஸ் போனபின் ராய்னா படியிலேயே உட்கார்ந்து தலையில் அடித்துக்கொண்டாள்.

"நான்தான் தூக்கினேன். பாவி, நான்தான்!"

"கையை வச்சிக்கிட்டுச் சும்மா இருக்க முடியாதா உங்களுக்கு?" என்று ஸ்லாத்தினா கத்தினாள். அத்தனை வீடும் கேட்டது. நிறுத்தவில்லை. நிறுத்தினால் யாராவது, நீ எங்கே போனாய் என்று கேட்டுவிடுவார்களோ என்று பயம்.

மறுநாள் ஆஸ்பத்திரியில் ராய்னா சூப்போடு வந்து, வார்டுக்குள் நுழையாமல் வாசலிலேயே நின்றாள்.

"வெளியவே நிக்கட்டும்," என்றாள் ஸ்லாத்தினா.

"ஏன்? அவங்க என்ன பண்ணாங்க?"

"அவங்கதானே தூக்கினாங்க!"

"எல்லாரும் தூக்குறதுதானே." ஓக்னியான் தன் கையில் போட்டிருந்த கட்டைப் பார்த்தான். "உன் குரல் படியிலேர்ந்து வரல. அவங்க பால்கனியிலேர்ந்து வந்துச்சு. ஜன்னல் வழியா நல்லாக் கேட்டுச்சு."

"அப்புறம் ஏன் கை வச்ச?"

"நீ சொன்னியே."

ஸ்லாத்தினா எழுந்து வாசலுக்குப் போனாள். ராய்னா அடிக்கு ஒதுங்குகிறவள்போல் பின்வாங்கினாள். சூப் பாத்திரத்தோடு சேர்த்து அவள் கையைப் பிடித்துக்கொண்டாள் ஸ்லாத்தினா.

"அக்கா, நான் படியில நிக்கல. உங்க வீட்டுல மிளகாய் தின்னுக்கிட்டிருந்தேன்."