நகராத சரக்கு

கிடங்குக்காரருக்கு அந்த ஞானம் ஒரு செவ்வாய்க்கிழமை வந்தது. மருந்துக் கிடங்கில் அவரோடு வேலை பார்க்கும் ஒருவர் பஸ்ஸில் பையைத் தொலைத்துவிட்டார். குடும்பத்துக் காகிதம் அத்தனையும் அந்தப் பைக்குள் இருந்ததாம். அந்த மனிதர் மூன்று நாள் சாப்பிடாமல் அழுதாராம். நம் கிடங்குக்காரர் அழவுமில்லை, சாப்பாட்டை விடவுமில்லை. சாயங்காலம் வீட்டுக்கு வந்ததும், செருப்பைக்கூடக் கழற்றாமல் வாசலில் நின்று அறிவித்தார்.

"இனிமே நம்ம வீட்டுக் காகிதம் எல்லாம் போன்லதான். யாரும் தொட முடியாது, யாரும் பார்க்க முடியாது."

"நாமகூடவா?" என்று கேட்டாள் மனைவி.

அதை அவர் வேடிக்கைப் பேச்சு என்று எடுத்துக்கொண்டார். கல்யாணமாகிப் பதினான்கு வருஷத்தில் அவள் கேட்ட கேள்விகளில் பாதியை அவர் அப்படித்தான் எடுத்துக்கொண்டிருக்கிறார்.

ஞாயிற்றுக்கிழமை படப்பிடிப்பு நடந்தது. கட்டிலை ஜன்னல் ஓரமாக இழுத்து, வெள்ளை விரிப்பு விரித்து, ஒவ்வொரு காகிதமாக அதன்மேல் வைத்துப் படம் பிடித்தார். காகிதம் பறக்கும், அதனால் மின்விசிறி ஓடக் கூடாது. நிழல் விழும், அதனால் யாரும் பக்கத்தில் நிற்கக் கூடாது. எட்டாவது படிக்கும் மகள் தும்மினாள் என்று அவளை மொட்டைமாடிக்கு அனுப்பினார். அவருடைய அம்மா, தன் கண் ஆபரேஷன் காகிதத்தை மடியில் வைத்துக்கொண்டு ஒன்றரை மணி நேரம் முறைக்காகக் காத்திருந்தார். ராணுவ ரகசியத்தைக் கைமாற்றுகிறமாதிரி எல்லோரும் குசுகுசுவென்று பேசினார்கள். ஆக மொத்தம் இருந்தது வீட்டுப் பத்திரம், சான்றிதழ்கள், ஸ்கூட்டர் புத்தகம், ஃப்ரிட்ஜ் வாரண்டி மாதிரிச் சமாச்சாரங்கள்தான். எல்லாப் படத்திலும் ஒரு மூலையில் அவருடைய கட்டைவிரல் விழுந்திருந்தது.

படங்கள் எல்லாம் அவருடைய பழைய போனுக்குள் போயின. அதில் சிம் கிடையாது, இணையம் கிடையாது.

"வெளியுலகத்தோட தொடர்பே இல்ல. அதுதான் பாதுகாப்பு," என்றார்.

வெளியுலகத் தொடர்பு இல்லாமல் பாதுகாப்பாக இருப்பது எப்படி என்று அவளுக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. பதினோரு வருஷ அனுபவம் இருந்தது.

போனுக்கு நாலு எண்ணில் ஒரு பின். பத்து தடவை தப்பாகப் போட்டால் உள்ளே இருப்பதெல்லாம் தானாக அழிந்துவிடும். அதைச் சொல்லும்போது அவருடைய முகத்தில் அப்படி ஒரு பெருமை. பின் என்ன என்று கேட்டதற்கு, "அது என் தலைக்குள்ள இருக்கு," என்று நெற்றியைத் தட்டிக் காட்டினார். ஒரிஜினல்களைக் கட்டிக்கொண்டு போய் பேங்க் லாக்கரில் வைத்தார். லாக்கர் சாவி அவருடைய கொத்தில் சேர்ந்தது. இந்தப் பக்கம் பூட்டு, அந்தப் பக்கம் பூட்டு. ஈ எறும்பு நுழைய முடியாது. நுழைய வேண்டியவர்களும் நுழைய முடியாது என்பது அப்போது யாருக்கும் உறைக்கவில்லை.

மூன்று மாதம் கழித்து, ஒரு வியாழக்கிழமை மதியம் இரண்டரை மணிக்கு அவளுடைய போன் அடித்தது. பழைய லேபில் அவளுக்கு சீனியராக இருந்த அக்கா.

"வேலைக்கு வர்றியா? இப்ப நான் இருக்கிற லேப்ல ஒரு இடம் காலியா இருக்கு. பகல் வேலைதான். எனக்கு உன் நெனப்புதான் வந்துச்சு."

அவள் ரத்தப் பரிசோதனைக்கூடத்தில் டெக்னீஷியனாக மூன்று வருஷம் வேலை பார்த்தவள். மகளுக்கு இரண்டு வயதானபோது, "கொஞ்ச நாளைக்கு வீட்ல இரு," என்றார் கிடங்குக்காரர். அந்தக் கொஞ்ச நாள் இன்னும் முடியவில்லை. போன மாதம் மாமியாருக்கு ரத்தம் எடுக்க வீட்டுக்கு வந்த ஆள், நரம்பு கிடைக்காமல் மூன்று இடத்தில் குத்தினான். பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தவளுக்குக் கை துறுதுறுவென்று இருந்தது. அவனைத் தள்ளிவிட்டு ஊசியைப் பிடுங்காமல் இருக்க அவள் பட்ட பாடு அவளுக்குத்தான் தெரியும். அந்த வேலை அவளுக்கு வேண்டும். வீட்டில் வேறு எதற்கும் அவள் இப்படி ஆசைப்பட்டதில்லை.

"வர்றேன்க்கா. எப்ப வரணும்?"

"முதல்ல ஃபார்ம் அனுப்பு. லிங்க் போட்டிருக்கேன். டிப்ளமா, பதிவு அட்டை, அனுபவச் சான்றிதழ், மூணும் வேணும். பதிவைப் புதுப்பிக்கிறதை அப்புறம் பார்த்துக்கலாம், பழைய அட்டையே போதும். ஆனா இன்னிக்கு அஞ்சு மணிக்கு மூடிடுவாங்க. எனக்கே இப்பதான் சொன்னாங்க."

அலமாரியைத் திறந்து பழைய போனை எடுத்தாள். அவருடைய பிறந்த நாளைப் போட்டாள். தப்பு. மகளுடைய பிறந்த நாள், தப்பு. மாமியாருடையது, தப்பு. கல்யாண நாள் என்று இருக்காது, இருந்தாலும் ஒரு மரியாதைக்குப் போட்டுப் பார்ப்போம் என்று போட்டாள். அதுவும் தப்புதான்.

கிடங்கின் தரைவழி எண்ணுக்கு அடித்தாள். உள்ளே செல்போன் எடுத்துப் போக அனுமதியில்லை. குளிர் அறைக்குள் இருந்தவரை யாரோ போய்க் கூட்டிவர, பத்து நிமிஷம் ஆனது.

"என்ன, அம்மாவுக்கு ஏதாவதா?"

"அத்தை நல்லாத்தான் இருக்காங்க. அந்தப் பழைய போனோட பின் நம்பர் சொல்லுங்க. அவசரம்."

மறுமுனையில் குரல் பாதியாகக் குறைந்தது.

"அதை எப்படி போன்ல சொல்றது? இங்க ஆளுங்க இருக்காங்க."

"நாலு நம்பர்தானேங்க. மெதுவா சொல்லுங்க."

"லைன்ல எவனாவது கேட்டுட்டா?"

"கேட்டா என்ன? நம்ம ஃப்ரிட்ஜ் வாரண்டியைத் தூக்கிட்டுப் போய் அவன் என்னங்க பண்ணுவான்?"

"இப்படி அலட்சியமா இருந்துதான் எல்லாரும் ஏமாறுறாங்க. ஒரு குறிப்பு சொல்றேன், கேட்டுக்கோ. வாழ்க்கையில நான் முதன்முதலா ஆசைப்பட்டது. அவ்வளவுதான். ஆமா, எத்தனை தடவை போட்ட?"

"நாலு."

"அய்யய்யோ! இன்னும் ஆறுதான் இருக்கு, ஜாக்கிரதை!" என்று பதறிவிட்டு போனை வைத்துவிட்டார். என்ன அவசரம் என்று கேட்க அவருக்குத் தோன்றவில்லை.

மணி மூன்றரை. பழைய போனோடு கூடத்துக்கு வந்தாள். மாமியார் டிவி பார்த்துக்கொண்டிருந்தார்.

"அத்தை, உங்க பிள்ளை முதன்முதலா எதுக்கு ஆசைப்பட்டாரு?"

மாமியார் டிவியிலிருந்து கண்ணை எடுக்காமலே பதில் சொன்னார். "எதிர்வீட்டு டீச்சர் பொண்ணுக்கு."

"அது நம்பரா இருக்கணும் அத்தை."

"அவ நம்பர் எல்லாம் குடுக்கலையே, பாவம். அதனாலதானே ஸ்கூட்டர் வாங்கினான்."

இருவரும் ஒரே நேரத்தில் நிமிர்ந்து சுவரைப் பார்த்தார்கள். கல்யாணப் படம் படுக்கையறையில் சின்ன சட்டத்தில் இருக்கிறது. கூடத்தில், பெரிய சட்டத்தில், இருபத்திரண்டு வயதுக் கிடங்குக்காரர் தன் முதல் ஸ்கூட்டரோடு நிற்கிறார். அவள் நாற்காலிமேல் ஏறிக் கண்ணாடியைத் துடைத்து, வண்டியின் நம்பர் பலகையைப் படித்தாள். மூன்று, ஒன்று, ஒன்பது. கடைசி எண்ணை அவருடைய கால் மறைத்துக்கொண்டிருந்தது. போட்டோவிலேயே அவ்வளவு ஜாக்கிரதை.

"ஆறு," என்றார் மாமியார். "ஓடின நாளைவிட அதைத் தள்ளிட்டுப் போன நாள்தான் அதிகம். பின்னாடி தள்ளினது நான். எனக்குத் தெரியாதா?"

மூன்று, ஒன்று, ஒன்பது, ஆறு. போன் திறந்துகொண்டது. அவள் நாற்காலியை விட்டு இறங்கி வந்து மாமியாரின் கன்னத்தைக் கிள்ளி முத்தம் வைத்தாள். பதினான்கு வருஷத்தில் அப்படிச் செய்தது அதுதான் முதல் தடவை. மாமியார் கன்னத்தைத் துடைத்துக்கொண்டு, டிவி சத்தத்தைக் குறைத்தார்.

உள்ளே எல்லாம் கண்ணில் ஒற்றிக்கொள்கிற மாதிரி அடுக்கியிருந்தது. ஃபோல்டர், ஃபோல்டராக. 'நான்.' 'அம்மா.' 'அப்பா.' மாமனார் போய்ச் சேர்ந்து ஒன்பது வருஷமாகிறது, அவருக்கும் தனி ஃபோல்டர். 'பாப்பா.' 'வீடு.' 'ஸ்கூட்டர்.' 'ஃப்ரிட்ஜ்.' 'வாஷிங் மெஷின்.' வாஷிங் மெஷினுக்கே இடம் இருக்கிறதென்றால் தனக்கும் இருக்கும் என்று மேலும் கீழும் தள்ளிப் பார்த்தாள். இல்லை.

ஒவ்வொன்றாகத் திறந்தாள். அவளுடைய பிறப்புச் சான்றிதழ் 'வீடு' என்பதற்குள் இருந்தது. தண்ணீர் இணைப்புக் காகிதத்துக்கும் கூரை ஒழுகலைச் சரிசெய்தவனின் விலாச அட்டைக்கும் நடுவில். சிரிப்பு வந்துவிட்டது. டிப்ளமா அங்கே இல்லை. பதிவு அட்டை 'நான்' என்பதிலும் இல்லை, 'பாப்பா'விலும் இல்லை. மணி நாலு ஐந்து. அடியில் இன்னும் ஒன்றுதான் பாக்கி இருந்தது. அதற்கு மட்டும் சிவப்பு நிறம் கொடுத்திருந்தார்.

'காலாவதி.'

திறந்தாள். முதலில் கிடங்குக்காரரின் பழைய பாஸ்போர்ட், மூலை வெட்டியது. அடுத்தது அந்த முதல் ஸ்கூட்டரின் இன்சூரன்ஸ். அப்புறம் எப்போதோ செத்துப்போன மிக்ஸியின் உத்தரவாத அட்டை. அதற்கும் கீழே அவளுடைய டிப்ளமா, பதிவு அட்டை, அனுபவச் சான்றிதழ். பதிவு அட்டையில் இருபத்தோரு வயது முகம் ஒன்று அவளைப் பார்த்தது. கட்டைவிரல் அந்த முகத்தின் ஓரத்தில் இருந்தது.

திட்டியிருந்தால் திருப்பித் திட்டலாம். வேண்டுமென்று செய்திருந்தால் சண்டை போடலாம். இந்த மனிதர் ஒரு ஞாயிற்றுக்கிழமை, வேர்த்து விறுவிறுக்க, குடும்பத்தின்மேல் இருக்கிற அக்கறையில், ஒழுங்காக யோசித்து, சிவப்பு நிறமும் தேர்ந்தெடுத்து இதைச் செய்திருக்கிறார். மறுபடி கிடங்குக்கு அடித்தாள். இந்தத் தடவை உடனே வந்தார்.

"திறந்துச்சா? எதுவும் அழியலையே?"

"அழியல. என் டிப்ளமா எப்படிங்க காலாவதி ஆகும்?"

"ஓ, அதுவா?" குரலில் நிம்மதி. "அது ஒரு முறைதான். எங்க கிடங்குல மூணு மாசம் நகராத சரக்கையே தனியா எடுத்து வச்சிருவோம். இது பதினோரு வருஷமா வெளிய எடுக்கலையே. எங்க வைக்கிறது, நீயே சொல்லு."

அவள் மணியைப் பார்த்தாள்.

"எதுக்கு இப்ப அதெல்லாம்?"

"வேலைக்கு."

"யாருக்கு?" என்றார் கிடங்குக்காரர், உண்மையிலேயே தெரியாமல்.

அவள் போனை வைத்துவிட்டாள். அழுவதற்கு நேரமில்லை. மணி நாலேகால். அந்த போனில் இணையம் இல்லை, அதனால் அதன் திரையைத் தன் போனால் படம் பிடிக்க வேண்டியிருந்தது. வெளிச்சம் பட்டுத் திரை பளபளத்தது. எழுந்து ஜன்னலை மூடினாள். மாமியார் சொல்லாமலே எழுந்து வந்து, தன் புடவைத் தலைப்பை விரித்து நிழலுக்குப் பிடித்துக்கொண்டு நின்றார். முதல் படம் ஆடியது, இரண்டாவது தெளிவாக வந்தது. டிப்ளமா ஏறியது. பதிவு அட்டை ஏறியது. அனுபவச் சான்றிதழ் சுற்றிக்கொண்டே இருந்து, உயிரை எடுத்து, நாலு ஐம்பதுக்கு ஏறியது.

கடைசியாக ஒரு கட்டம் வந்து நின்றது. நிரப்பாமல் தாண்ட விடவில்லை. 'பணி இடைவெளி: பதினோரு ஆண்டுகள். காரணம்?'

"உடம்பு சரியில்லன்னு போடு," என்றார் மாமியார், தோள்வழியாக எட்டிப் பார்த்து.

"என் உடம்புக்கு என்ன அத்தை? நல்லாத்தானே இருந்தேன்."

"அப்ப குடும்பப் பொறுப்புன்னு போடு. எல்லாரும் அப்படித்தான் போடுவாங்க."

போடலாம்தான். பொய்யும் இல்லை. ஆனால் அதைப் போட்டால் பதினோரு வருஷமும் மரியாதையாக மடிந்து உட்கார்ந்துகொள்ளும், யார் மேலும் ஒரு தூசுகூட விழாது. இதைப் படிக்கப்போவது அக்கா. அந்த அக்காவும் இரண்டு பிள்ளைகளைப் பெற்று, நடுவில் ஆறு வருஷம் வீட்டில் இருந்துவிட்டு வந்தவள்தான். மணி நாலு ஐம்பத்தைந்து. அவள் விறுவிறுவென்று அடித்தாள்.

மாமியார் எழுத்துக் கூட்டிப் படித்தார். மருமகளின் கையிலிருந்த போனைத் தன் பக்கம் இழுத்து, 'அனுப்பு' என்றிருந்த இடத்தில் தன் விரலாலேயே அழுத்தினார்.

அந்தக் கட்டத்தில் இருந்தது இவ்வளவுதான்: 'வைத்த இடம் தவறு. சரக்கு கெடவில்லை.'